பூட் ஆச்சா, ஆகலையா? - அடையாறு சில்லும் ரிச்சி தெரு கேபிளும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

2018 ஜூலை கடைசியில பேப்பர்ல ஒரு செய்தி வந்தது. ஐஐடி மெட்ராஸ்ல வடிவமைச்ச 'சக்தி' புராசஸர், அமெரிக்காவில ஓரிகன்ல இருக்கிற இன்டெல் ஆலையில 22 நானோமீட்டர் முறையில 300 சில்லுகளா வார்க்கப்பட்டு வந்திருக்கு, அதுல லினக்ஸ் பூட் ஆயிடுச்சுன்னு. சில்லுக்கு ரைஸ்கிரீக்னு பேரு. இந்தியாவின் முதல் புராசஸர் அது இதுன்னு தலைப்பு போட்டுக் கொண்டாடினாங்க. நல்ல விஷயம்தான். ஆனா 'பூட் ஆயிடுச்சு' என்கிற ரெண்டு வார்த்தையை மட்டும் யாரும் நின்னு பார்க்கலை. எனக்கு மொத்தக் கதையும் அந்த ரெண்டு வார்த்தைக்குள்ளதான் இருக்குன்னு தோணுது.

ஒரு புது சில்லு கைக்கு வந்தா அதுக்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, நெட்வொர்க் கிடையாது. அதெல்லாம் வேலை செய்ய டிரைவர் வேணும், டிரைவர் ஓட மெமரி வேணும், மெமரியை எழுப்பவே ஒரு ப்ரோக்ராம் ஓடியாகணும். இத்தனைக்கும் முன்னாடி, உள்ள உசுரு இருக்கான்னு தெரிஞ்சுக்க இன்னிக்கும் எல்லாரும் முதல்ல நம்புறது மூணே கம்பி: அனுப்ப ஒண்ணு, வாங்க ஒண்ணு, கிரவுண்டு ஒண்ணு. அதாங்க சீரியல் கம்பி. அதுல ஒரு எழுத்து வந்து விழுந்தா புள்ளை அழுதுடுச்சுன்னு அர்த்தம்.

இந்தக் கம்பிக்கு வயசு அதிகம். ஆர்எஸ்-232 தரம் 1960-ல வந்தது. 'சி' பதிப்பு 1969. டெலிடைப் மெஷினையும் மோடத்தையும் இணைக்கறதுக்காக எழுதினது. ஒரு எழுத்துக்கு முன்னாடி ஒரு ஸ்டார்ட் பிட், பின்னாடி ஒரு ஸ்டாப் பிட், நடுவுல 8 பிட். ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல எண்ணணும், பொதுவான கடிகாரம் கிடையாது. அவ்வளவுதான் ஒப்பந்தம். 9600, 19200, 115200-னு வேகத்துக்கு ஏன் இப்படிக் கோணல் மாணலா எண் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? 1981-ல ஐபிஎம் பிசியோட சீரியல் அட்டையில 8250-னு ஒரு சில்லு இருந்தது. அதுக்குக் கொடுத்த கடிகாரம் 1.8432 மெகாஹெர்ட்ஸ். அதை 16-ஆல வகுத்தா 115200. அதை 6-ஆல வகுத்தா 19200. 12-ஆல வகுத்தா 9600. நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் படிகக்கல்லை இன்னும் இறக்கி வைக்க முடியலை :)

பூட்லோடர் கதை இதைவிட சுவாரசியம். மயிலாப்பூர்ல பங்குனித் தேர் பார்த்தவங்களுக்குச் சுலபமாப் புரியும். ஆயிரம் பேர் வடம் பிடிச்சாலும் நிக்கிற தேர் அசையாது. பின்னாடி சக்கரத்துக்கு அடியில கட்டையைக் கொடுத்து நெம்பிவிட சில பேர் வேணும். தேர் ஓட ஆரம்பிச்சப்புறம் அவங்களை யாரும் கண்டுக்க மாட்டாங்க. பூட்லோடர் அந்த நெம்புகட்டை. பெரிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை மெமரியில ஏத்தி, 'இனி நீ ஓடு'ன்னு சொல்லிட்டு ஒதுங்கிடும்.

நம்ம ஊர்ல இன்ஜினியரிங் படிச்ச ஆளுங்க பாதிப் பேர் பூட்லோடர்னு தெரியாமலே அதைத் தொட்டிருக்காங்க. 8085 கிட் ஞாபகம் இருக்கா? சென்னை வி மைக்ரோசிஸ்டம்ஸ் பெட்டி, சின்ன கீபேடு, சிவப்பு எழுத்து. லேப் ரெக்கார்டுல ப்ரோக்ராம் எப்பவும் 4100-ல ஆரம்பிக்கும். ஏன் 4100? நாங்க படிக்கறப்போ யாரும் கேட்கலை, யாரும் சொல்லவும் இல்லை. 8085 ரீசெட் ஆனதும் 0000 முகவரியிலதான் முதல் கட்டளையைத் தேடும். அந்த இடத்துல ஈப்ராம்ல எரிச்ச மானிட்டர் ப்ரோக்ராம் உட்கார்ந்திருக்கும். கீபேடைப் படிக்கறது, எழுத்தைக் காட்டறது, நாம் அடிச்சதை மெமரியில போடறது எல்லாம் அதோட வேலை. நமக்குன்னு ஒதுக்கின காலி இடத்துல நாம எழுதணும், அப்புறம் அங்க தாவச் சொல்லணும். இதுதான் பூட்லோடரோட தாத்தா.

இதே வேலையை லினக்ஸ் போர்டுகளுக்குச் செய்ய வந்ததுதான் யு-பூட். ஜெர்மனிக்காரர் வுல்ஃப்காங் டெங்க் 2000-ல பிபிசிபூட்னு ஆரம்பிச்சு, 2002-ல யு-பூட்னு பேரை மாத்தினார். ஜெர்மன் மொழியில நீர்மூழ்கிக் கப்பலுக்கும் அதே பேர், சிலேடை! 2022-ல அவர் காலமானார். உங்க வீட்டு வைஃபை பெட்டிக்குள்ளயும் அனேகமா அவர் ஆரம்பிச்சது ஓடிக்கிட்டிருக்கும். ஸ்விட்ச் போட்டதும் 3, 2, 1-னு எண்ணும். அதுக்குள்ள ஏதாவது கீயை அழுத்தினா உள்ள விடும், இல்லேன்னா கதவைச் சாத்திக்கிட்டு லினக்ஸை எழுப்பப் போயிடும். அந்த எண்ணிக்கையும் சீரியல் கம்பியிலதான் தெரியும்.

சீரியல் கம்பிக்கும் அடையாறுக்கும் சக்திக்கு முன்னாடியே ஒரு உறவு உண்டு. 1990-கள்ல ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவும் (டெனெட்னு பேரு) மைடாஸ் கம்பெனியும் சேர்ந்து கார்டெக்ட்னு ஒரு கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டு வந்தாங்க. வீட்டுச் சுவர்ல மாட்டுற பெட்டியில போனுக்கு ஒரு துளை, கம்ப்யூட்டருக்கு ஒரு துளை. அந்த ரெண்டாவது துளைதான் ஆர்எஸ்-232. அதுல 35 அல்லது 70 கிலோபிட் வேகத்துல இன்டர்நெட். 2001-லேர்ந்து மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்கள்ல இதை வச்சு இன்டர்நெட் கடைகள் திறந்தாங்க. இப்பக் கேட்டா சிரிப்பு வரும் வேகம். ஆனா போன் பேசிக்கிட்டே நெட்டும் பார்க்கலாம்கிறது அன்னிக்குச் சாதாரண விஷயமில்லை. டெலிடைப்புக்குன்னு எழுதின ஒரு தரம், மேலூர்ல மின்னஞ்சலும் கொண்டு போச்சு.

சரி, இப்ப ரிச்சி தெரு. அண்ணா சாலையிலேர்ந்து உள்ள திரும்பினா நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெருன்னு பின்னிக்கிடக்கிற அதே இடம்தான். ரேடியோ உதிரிபாகத்துல ஆரம்பிச்சு இன்னிக்கு ட்ரோன் மோட்டார் வரைக்கும் வந்தாச்சு. லேப்டாப்ல பழைய 9 பின் சீரியல் போர்ட் காணாமப் போனதும், யுஎஸ்பி-யை சீரியலா மாத்துற குட்டி அட்டைகளுக்கு அங்க பெரிய கிராக்கி வந்தது. உள்ள இருக்கிற சில்லு நாலஞ்சு வகை. எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக், சிலிக்கான் லேப்ஸ், சீனாவோட சிஎச்340. இதுல எஃப்டிடிஐ ஸ்காட்லாந்து கிளாஸ்கோ கம்பெனி. உலகம் பூரா அதோட போலி புழங்கிச்சு. வாங்கறவனுக்கு அசல் எது, நகல் எதுன்னு கண்ணால பார்த்துச் சொல்லவே முடியாது. மேல அச்சடிச்ச பேர் ஒண்ணுதான்.

2014 அக்டோபர்ல என்ன நடந்துச்சுன்னா, விண்டோஸ் அப்டேட் வழியா எஃப்டிடிஐ-யோட புது டிரைவர் வந்து இறங்கிச்சு. அது போலி சில்லைக் கண்டுபிடிச்சா, அதோட யுஎஸ்பி அடையாள எண்ணையே 0000-னு மாத்தி எழுதிடும். அதுக்கப்புறம் அந்த கேபிளை எந்த மெஷின்ல செருகினாலும் அடையாளம் தெரியாது. நேத்து வேலை செஞ்ச கேபிள் இன்னிக்குப் பிணம். கடைக்காரர் மேலயும் தப்பில்லை, வாங்கின மாணவன் மேலயும் தப்பில்லை, அடி மட்டும் அவங்களுக்கு. கூச்சல் கிளம்பினதும் அந்த டிரைவரைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. 2016-ல இன்னொரு டிரைவர் வந்தது. அது கேபிளைக் கொல்லலை, ஆனா கம்பியில வர்ற தகவலுக்குள்ளயே 'இது போலி'ங்கிற வாசகத்தைச் செருகிச்சு. மோட்டாருக்குக் கட்டளை போற கம்பியில இப்படி ஒரு வாசகம் கலந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. போலி விக்கறதை நான் நியாயப்படுத்தலை. ஆனா எங்கேயோ இருக்கிற ஒருத்தர் நினைச்சா என் மேசையில இருக்கிற கேபிளைச் சாகடிக்கலாம்னா, அது என் கேபிளா?

சக்தி ஏன் பிறந்துச்சுங்கிறதுக்கும் இந்தக் கேள்வி ரொம்பப் பக்கத்துல இருக்கு. ஒரு புராசஸர் உள்ள என்ன செய்யுதுன்னு நமக்குத் தெரியணும், யார்கிட்டயும் லைசென்ஸ் கேட்டு நிக்கக் கூடாது. 2010-ல பெர்க்லியில ஆரம்பிச்ச ரிஸ்க்-ஃபைவ் என்கிற திறந்த கட்டளைத் தொகுப்பு அதுக்கு வழி விட்டது. பேராசிரியர் காமகோடி தலைமையில (2022-லேர்ந்து ஐஐடி மெட்ராஸ் இயக்குநர் அவர்தான்) ஒரு குழு அதை எடுத்து, ப்ளூஸ்பெக் மொழியில எழுதி, பிஎஸ்டி உரிமத்துல எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க. யார் வேணா எடுத்துப் படிக்கலாம், மாத்தலாம், செய்யலாம்.

சில்லு கையில இல்லாதவங்களுக்கும் வழி வச்சாங்க. ஆர்ட்டி ஏ7-னு ஒரு எஃப்பிஜிஏ போர்டு கிடைக்கும். அதுல சக்தியோட வடிவத்தை ஏத்திட்டா அந்த போர்டே சக்தி ஆயிடும். அளவுக்கு ஏத்த மாதிரி பினாகா, பராசு, வஜ்ரான்னு பேர். வில், கோடரி, இந்திரனோட ஆயுதம். பேர் வைக்கறதுல நம்ம ஆளுங்களை அடிச்சுக்க முடியாது! 2020 ஆகஸ்ட்ல மத்திய அரசு சுதேசி மைக்ரோபுராசஸர் போட்டின்னு ஒண்ணு அறிவிச்சது. சக்தியையும், சி-டாக் செஞ்ச வேகா புராசஸரையும் வச்சு ஏதாவது செய்யணும். நாடு முழுக்க மாணவர்கள் இதுல இறங்கினாங்க. மைனஸ் என்னன்னா, 'திரையில ஒண்ணும் வரலையே'ங்கிற நோயும் கூடவே பரவிச்சு.

அந்த நோயோட வகைகளைச் சொல்றேன், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி மேல சொன்ன சரித்திரத்துல ஒரு துண்டு ஒளிஞ்சிருக்கு.

ஆர்ட்டியில ஒரே யுஎஸ்பி கேபிள்தான். ஆனா லினக்ஸ்ல செருகினா ரெண்டு போர்ட் முளைக்கும், 0, 1-னு. உள்ள இருக்கிறது ரெண்டு வழி இருக்கிற ஒரு எஃப்டிடிஐ சில்லு. முதல் வழி ஜேடேக், அதாவது சில்லுக்குள்ள கை விட்டுப் பார்க்கற வழி. ரெண்டாவதுதான் சீரியல். 0-வைத் திறந்து வச்சுக்கிட்டு எத்தனை நேரம் முறைச்சுப் பார்த்தாலும் ஒரு புள்ளி கூட வராது. (இங்க கொஞ்சம் நின்னு ரசிக்கணும். சுதேசி புராசஸரோட முதல் வார்த்தை கிளாஸ்கோ சில்லு வழியாத்தான் நம்ம காதுக்கு வருது.)

சரியான போர்ட்டைத் திறந்தாச்சு, ஆனா குப்பை எழுத்தா வருது. இது வேகப் பொருத்தம். வேற போர்டுகள்ல பழகினவங்க கை தானா 115200-னு அடிக்கும். சக்தி கையேடு சொல்ற வேகம் 19200. இதுல இன்னொரு நுணுக்கம் உண்டு. வேகத்தை நிர்ணயிக்கறது கடிகாரத்தை வகுத்து வர்ற எண். 50 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 16-ஆலயும் 19200-ஆலயும் வகுத்தா 162.76 வரும், 163-னு வச்சுக்கலாம், பிழை அரை சதவீதம் கூட இல்லை. ஆனா 50-க்குன்னு எழுதின ப்ரோக்ராமை 100 மெகாஹெர்ட்ஸ்ல ஓடற வடிவத்துல போட்டா, அது 19200-னு நினைச்சுக்கிட்டு 38400-ல பேசும். அதனால குப்பை வந்தா வேகத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்க, பாதியாக்கிப் பாருங்க. சரியா வந்துட்டா கோளாறு கம்பியில இல்லை, கடிகாரக் கணக்குலன்னு தெரிஞ்சுடும். குப்பைங்கறது உண்மையில நல்ல சகுனம். உசுரு இருக்கு, மொழிதான் புரியலை.

எழுத்து அழகா வருது, நாம அடிக்கறது மட்டும் போகலையா? மினிகாம் பயன்படுத்தறவங்களுக்கு இது அடிக்கடி வரும். அதுல ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல்னு ஒண்ணு தானாவே 'ஆம்'னு இருக்கும். மோடம் காலத்துப் பழக்கம். 'நீ பேசலாம்'னு மறுபக்கம் தனிக் கம்பியில சைகை காட்டினாத்தான் பேசும். மூணு கம்பி போர்டுல அந்தச் சைகைக் கம்பியே கிடையாது. அதனால மரியாதையாக் காத்துக்கிட்டே இருக்கும், எந்த ஜென்மத்துக்கும். அதை 'இல்லை'ன்னு மாத்தினாப் போதும்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது இது: நேத்து வேலை செஞ்ச போர்டு இன்னிக்குக் காலையில செத்துக் கிடக்கு. எஃப்பிஜிஏ-ல பவர் போனா ப்ரோக்ராம் மட்டும் போகாது, புராசஸரே காணாமப் போயிடும்! வடிவத்தை ஃப்ளாஷ்ல எழுதி, ஜேபி1-னு இருக்கிற ஜம்பரையும் போட்டு வச்சாத்தான் அடுத்த தடவை தானா வரும். இல்லேன்னா காலியான சிலிக்கான்கிட்ட 'ஏன் பூட் ஆகலை?'ன்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம்.

கடைசியா லினக்ஸ் ஏத்தும்போது வர்ற மௌனம். சக்தி ரீசெட் ஆனதும் பதினாறடிமான எண்ணில் 1000 முகவரியில இருக்கிற பூட் ராம்லேர்ந்து தொடங்கும். பெரிய மெமரி 80000000-ல ஆரம்பம். நம்ம 0000, 4100 மாதிரியேதான், எண்தான் மாறிச்சு. நடுவுல ஒரு அடுக்கு வேணும். ஆரம்பத்துல பெர்க்லி பூட்லோடர், அப்புறம் ஓப்பன்எஸ்பிஐ. கெர்னல் கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடி எழுத்து அச்சடிக்க இந்த அடுக்கைத்தான் கேட்கும். அடுக்கோட வரவேற்பு வரி வந்து அதோட நின்னு போச்சுன்னா, பல சமயம் கெர்னல் சாகலை. எந்த கன்சோல்ல பேசணும்னு அதுக்குக் கொடுத்த பேர் தப்பு. உள்ள நல்லா ஓடிக்கிட்டிருக்கும், யாருமில்லாத ரூம்ல பேசிக்கிட்டிருக்கும்.

எஃப்பிஜிஏ-ல இதெல்லாம் விளையாட்டு. தப்பா இருந்தா வடிவத்தைத் திருத்தி மறுபடி ஏத்திக்கலாம். சில்லுல அப்படி இல்லை. பூட் ராம் சிலிக்கானோட சேர்த்து வார்த்தது. அதுல ஒரு தாவல் தப்பான முகவரிக்குப் போனா, ஈப்ராமைக் கழட்டி எரிக்கற மாதிரி எரிக்க முடியாது. மறுபடி ஆலைக்குப் போகணும், மாசக்கணக்கு ஆகும், பணமும் மறுபடி. 300 சில்லும் மேசை மேல மௌனமா உட்கார்ந்திருக்கும். அதனாலதான் அனுபவசாலிகள் பூட் ராமை எத்தனை சின்னதா வைக்க முடியுமோ அத்தனை சின்னதா வைப்பாங்க. தாவிப் போ, வெளியில ஃப்ளாஷைப் பார், அவ்வளவுதான். புத்திசாலித்தனத்தை எல்லாம் மாத்தக்கூடிய இடத்துல வைக்கணும். 2018 செய்தியில 'பூட் ஆயிடுச்சு'ன்னு படிக்கும்போது எனக்கு இதுதான் கண்ணு முன்னாடி வருது.

அப்புறம் நடந்ததை வேகமாச் சொல்லிடறேன். அதே 2018-லயே ரிமோன்னு இன்னொரு சில்லு, இந்த முறை சண்டிகர் எஸ்சிஎல் ஆலையில, 180 நானோமீட்டர்ல. (1989-ல தீப்பிடிச்சு எரிஞ்ச அதே எஸ்சிஎல்.) 2020-ல மௌஷிக், அதுவும் சண்டிகர்தான். பிள்ளையாரோட வாகனத்துப் பேர், சின்னச் சாதனங்களுக்குன்னு. 22-க்கும் 180-க்கும் தலைமுறை தலைமுறையா இடைவெளி இருக்கு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா 180 நம்ம மண்ணுல வார்த்தது. ரெண்டுல எது பெரிசுன்னு கேட்டா என் ஓட்டு 180-க்குத்தான்.

2025 பிப்ரவரியில ஐரிஸ். இஸ்ரோவோட திருவனந்தபுரம் பிரிவும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து, விண்கலத்துக்குப் பயன்படற மாதிரி சக்தியை அடிப்படையா வச்சு செஞ்சது. வார்ப்பு சண்டிகர், உறை போட்டது கர்நாடகாவில, போர்டு அடிச்சது குஜராத்ல, அதுல பாகங்களைப் பொருத்தினது நம்ம சென்னையில, பூட் ஆனது அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்துல. இந்தியா டூர் முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்திருக்கு!

இதைப் படிச்சுட்டு யாராவது ரிச்சி தெருவுக்குக் கிளம்பினா ரெண்டு விஷயம். சீரியல் அட்டை வாங்கும்போது 3.3 வோல்ட், 5 வோல்ட் மாத்துற ஜம்பர் இருக்கான்னு பாருங்க. இன்னிக்கு வர்ற போர்டுகள் பெரும்பாலும் 3.3-தான், 5 கொடுத்தா புகை. பழைய 9 பின் ஆர்எஸ்-232 கேபிளை நேரா போர்டுல மாட்டவே மாட்டாதீங்க. அதுல கூட்டல் கழித்தல் 15 வோல்ட் வரைக்கும் போகும், மேலும் 1-ம் 0-வும் தலைகீழ். ரெண்டாவது, வீட்டுக்கு வந்ததும் போர்டுல மாட்டறதுக்கு முன்னாடி அனுப்பற பின்னையும் வாங்கற பின்னையும் ஒரு சின்ன ஒயரால இணைச்சு, டெர்மினலைத் திறந்து 'அ'வுக்குப் பதிலா ஒரு ஆங்கில எழுத்தை அடிச்சுப் பாருங்க. அடிச்ச எழுத்து திரும்பி வந்தா கேபிள் சுத்தம். வரலேன்னா அதே நாளே போய் மாத்திக்கோங்க, மறுநாள் போனா கடைக்காரர் உங்களை முன்ன பின்ன பார்த்ததே இல்லைன்னுடுவார் :)